கூகுள் வாங்கிய மோட்டோரோலா: எண்ணிய உறுதிகளும் வாசிக்காத நிபந்தனைகளும்

திருகோணமலையில் சனிக்கிழமை பின்னேரங்களில் கணக்கியலும் வணிகமும் படிக்கும் பிள்ளைகள் சிலருடன் உட்காருகிறேன். பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு கம்பனியின் கதையை எடுத்து அதன் கணக்கைப் பிரித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில் வேலை செய்யும் தம்பி ஒருவரும் வருகிறார். இந்த ஆய்வு அவர் கேட்ட கேள்வியில் தொடங்கியது.

"சேர், கூகுள் மோட்டோரோலாவை 12.5 பில்லியன் டொலருக்கு வாங்கி, 2 வருசத்துக்குள்ள 2.91 பில்லியனுக்குச் சீனக் கம்பனி லெனோவோவுக்கு வித்திட்டுது. இவ்வளவு பெரிய கம்பனிக்கு இந்தக் கணக்குத் தெரியாதா?"

இந்தக் கேள்வியைப் பலரும் கேட்டிருக்கிறார்கள். 12.5 இலிருந்து 2.91 ஐக் கழித்து, மீதி முழுவதும் நட்டம் என்று சொல்லிவிடுவதும் வழக்கமாகிவிட்டது. அந்தக் கழித்தல் பிழை என்பதை ஒரு பின்னேரத்திலேயே காட்டிவிடலாம். ஆனால் கூகுள் வாங்கிய சரக்கு உண்மையில் என்ன, அது வேலை செய்ததா என்று பார்க்க எங்களுக்கு 3 சனிக்கிழமைகள் போயின.

காப்புரிமையை, கடைப்பேச்சில் பேட்டன்ட் என்கிறோமே அதை, காணி உறுதியோடு ஒப்பிட்டுத்தான் விளங்கப்படுத்தினேன். உப்புவெளியில் 20 பேர்ச் காணி வாங்குகிறவர் உறுதியின் தலைப்பை மட்டும் பார்த்துக் காசு கொடுப்பதில்லை. காணி ஈட்டில் இருக்கிறதா, வேறு உரித்தாளிகள் உண்டா, அயலவருக்கு நடுவால் ஒழுங்கை விட்டிருக்கிறதா என்றெல்லாம் நொத்தாரிசைக் கொண்டு தேடிப் பார்க்கிறார். காப்புரிமையும் ஓர் உறுதிதான். மற்றவன் உள்ளே வராமல் தடுக்கும் உரிமையை அது தருகிறது. நீங்கள் உள்ளே வீடு கட்டலாம் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. உங்கள் கைத்தொலைபேசியில் நீங்களே கண்டுபிடித்த 10 விடயங்கள் இருந்தாலும், பதினோராவது இன்னொருவரின் உறுதிக்குள் விழுந்தால் அவர் நீதிமன்றம் போகலாம். ஒரு கைத்தொலைபேசிக்குள் இப்படி ஆயிரக்கணக்கான உறுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

2011: வேலி இல்லாத வீடு

அன்ட்ரொயிட் மென்பொருளைக் கூகுள் இலவசமாகக் கொடுத்தது. அதைப் போட்டுக் கைத்தொலைபேசி செய்த கம்பனிகள் வேகமாக வளர்ந்தன, வழக்குகளும் கூடவே வந்தன. 2010 மார்ச்சில் அப்பிள், அன்ட்ரொயிட் கைத்தொலைபேசி செய்த எச்டிசி மேல் வழக்குப் போட்டது. ஒகஸ்ட்டில் மென்பொருள் கம்பனி ஒராக்கிள், தன் ஜாவா நிரல்மொழி விடயத்தில் நேரடியாகக் கூகுள் மேலேயே போட்டது. ஒக்டோபரில் மைக்ரோசொப்ட் மோட்டோரோலா மேல் போட்டது. 2011 ஏப்ரலில் அப்பிள் சம்சுங்கை இழுத்தது.

இப்படிப்பட்ட சண்டையில் வழமையான தற்காப்பு எதிர்வழக்குத்தான். நீ என் மேல் போட்டால் நானும் உன் மேல் போடுவேன் என்ற பயம் இரண்டு பக்கமும் இருந்தால் இருவரும் மேசைக்கு வந்து பேசுவார்கள். அதற்குக் கையில் உறுதிகள் வேண்டும். கூகுளோ தேடுபொறி நடத்திய இளங்கம்பனி. கைத்தொலைபேசித் துறையில் அதற்குப் பழைய உறுதிகள் கிடையா.

அதனால்தான் வங்குரோத்தான கனடியக் கம்பனி நோர்டெல்லின் ஏறத்தாழ 6,000 காப்புரிமைகள் ஏலத்துக்கு வந்தபோது, கூகுள் 2011 ஏப்ரலிலேயே 900 மில்லியன் டொலரை ஆரம்பக் கேள்வி விலையாக வைத்தது. ஏலம் ஏறி ஏறி 4.5 பில்லியனில் முடிந்தது. எடுத்தவர்கள் அப்பிள், மைக்ரோசொப்ட், பிளக்பெரி செய்த ரிம், சொனி, எரிக்சன், ஈஎம்சி ஆகியோர் சேர்ந்த கூட்டணி. கூகுள் வெறுங்கையோடு வெளியே வந்தது. யாரிடமிருந்து தன்னைக் காக்க அந்த உறுதிகள் தேவைப்பட்டனவோ, அவை அவர்களிடமே போய்ச் சேர்ந்தன. இந்த நிகழ்வு முழுவதையும் விளங்கிக்கொள்ள இந்த ஏலத்தைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். இதற்குப் பிறகு கூகுள் கொடுத்த விலையில் ஒரு பங்கு பயத்தின் விலை.

மோட்டோரோலாவுக்கு இது தெரிந்திருந்தது. 2011 ஜனவரியில்தான் பழைய மோட்டோரோலா இரண்டாகப் பிரிந்து, கைத்தொலைபேசிப் பகுதி மோட்டோரோலா மொபிலிட்டி என்ற தனிக் கம்பனியாகியிருந்தது. அதன் பெரும் பங்குதாரரான கார்ல் ஐகான், நோர்டெல் ஏலம் முடிந்த கையோடு, காப்புரிமைகளைக் காசாக்கும் வழியைப் பாருங்கள் என்று ஜூலையில் நிர்வாகத்தை நெருக்கினார். ஒகஸ்ட் தொடக்கத்தில் பிரதம நிறைவேற்று அதிகாரி சஞ்சய் ஜா, மற்ற அன்ட்ரொயிட் கம்பனிகளிடமிருந்தும் காப்புரிமைக் கட்டணம் எடுக்கக்கூடும் என்று பொதுவெளியில் கோடிகாட்டினார். கூகுளின் இடத்தில் நின்று இதை யோசியுங்கள். வெளியாள் வேலியை உடைப்பது போதாதென்று, வீட்டுக்குள் இருப்பவர்களே ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடும் நிலை.

பங்கொன்றுக்கு 30 டொலர் அளவில் தொடங்கிய பேச்சு 40 டொலரில் முடிந்தது. முந்திய சந்தை விலையைவிட அது 63 சதவீதம் அதிகம். ஒகஸ்ட் 15 ஆம் திகதி அறிவிப்பு வந்தது. கொள்வனவு முறிந்தால் கூகுள் 2.5 பில்லியன் டொலர் கட்ட வேண்டும் என்ற வாசகமும் ஒப்பந்தத்தில் இருந்தது. இந்தளவு முறிவுப் பணத்துக்கு ஒருவர் சம்மதித்தால், அவர் எவ்வளவு அவசரத்தில் நிற்கிறார் என்பது விற்பவருக்கு விளங்கும்.

17,000 என்ற எண்

அறிவிப்பில் எல்லோரும் பிடித்துக்கொண்டது இந்த எண்ணைத்தான். கிடைத்துவிட்ட காப்புரிமைகள் ஏறத்தாழ 17,000, விண்ணப்ப நிலையில் 7,500. வகுப்பில் ஒரு பிள்ளை உடனே வகுத்துப் பார்த்தார். நோர்டெல்லில் ஒன்று 7 இலட்சத்து 50 ஆயிரம் டொலர். மோட்டோரோலாவில் முழு விலையையும் 17,000 ஆல் வகுத்தால் ஒன்று ஏறத்தாழ 7 இலட்சத்து 35 ஆயிரம். "அப்ப சந்தை விலைக்குத்தானே வாங்கியிருக்கினம்?" என்றார். வகுத்தல் சரி. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று காப்புரிமைக்கு விலை போடலாம் என்ற எண்ணம் சரியில்லை.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு கண்கண்ட உதாரணம் இருக்கிறது. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்கள் 99. உலகம் முழுவதும் அந்த எண்ணைச் சொல்லித்தான் அவற்றைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் நெடுங்காலமாக எண்ணெய் நிரப்பிப் பாவித்தவை பதினைந்து அளவில்தான். மற்றவை காட்டுக்குள் கொடி படர்ந்து நின்றன. 2022 ஜனவரி உடன்படிக்கையில் லங்கா ஐஓசிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, கூட்டுக் கம்பனிக்கு 61 என்று பிரித்தபோது, எந்தக் குதம், அது என்ன நிலையில் இருக்கிறது, குழாய் போகிறதா என்பதைத்தானே பார்க்க வேண்டியிருந்தது? காப்புரிமைத் தொகுதியும் அப்படித்தான். சில உறுதிகள் ஒரு துறையையே மறிக்கும். பல உறுதிகள் பெட்டிக்குள் கிடந்து காலாவதியாகும். விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து 20 ஆண்டுதான் ஆயுள் என்பதால், 1990களில் பதிந்தவற்றுக்கு அப்போதே வயது போய்க்கொண்டிருந்தது.

மோட்டோரோலாவின் உறுதிகள் பழைமையானவை, மரியாதைக்குரியவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1928 இல் சிக்காகோவில் கல்வின் சகோதரர்கள் தொடங்கிய கம்பனி அது. 1973 ஏப்ரல் 3 ஆம் திகதி நியூயோர்க் தெருவில் நின்று மார்ட்டின் கூப்பர் முதலாவது கைத்தொலைபேசி அழைப்பை எடுத்தது மோட்டோரோலா செய்த கருவியில்தான். அந்தப் பொறியியலாளர்களின் உழைப்பு இல்லாமல் இன்று எங்கள் கடைத்தெருவில் ஒரு கைத்தொலைபேசிக் கடையும் இருந்திராது. அவர்களின் வேலை அடிப்படையான வேலை. காப்புரிமைகள் கூகுளுக்குத் தடங்கலானதற்கும் அதுவே காரணம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒழுங்கை விட்ட காணி

எந்தக் கம்பனியின் கைத்தொலைபேசியும் எந்தக் கோபுரத்தோடும் பேச வேண்டுமானால், எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும். வைஃபைக்கும் அப்படி, காணொளியைச் சுருக்கி அனுப்பும் எச்.264 முறைக்கும் அப்படி. தர நிர்ணய அமைப்புகளில் கம்பனிகள் கூடி இந்த முறைகளை முடிவு செய்கின்றன. அந்த முறைக்குள் உங்கள் கண்டுபிடிப்பு சேர்ந்தால், உலகத்தில் அந்த வகைக் கருவி செய்யும் எவரும் உங்கள் காணியைக் கடந்துதான் போக வேண்டும். அதனால் சேர்க்கும்போதே ஒரு வாக்குறுதி கேட்பார்கள்: கேட்பவர் எல்லோருக்கும் நியாயமான, பாரபட்சமற்ற விலையில் அனுமதி கொடுப்பீர்களா? மோட்டோரோலா அந்த வாக்குறுதியைக் கொடுத்திருந்தது.

காணிப் பேச்சில் சொன்னால், நடுவால் ஒழுங்கை எழுதிக் கொடுத்த உறுதி அது. ஊரே அந்த வழியை நம்பி வீடு கட்டிவிட்டது. இனி ஒருநாள் படலையைப் பூட்டிவிட்டு, கேட்டதைத் தந்தால்தான் திறப்பேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

மோட்டோரோலா சொன்னது. 2010 ஒக்டோபரிலேயே, அதாவது கூகுள் வாங்குவதற்கு முன்பே, மைக்ரோசொப்டுக்குக் கடிதம் அனுப்பி, எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுக் கருவி, விண்டோஸ் போன்றவற்றின் முழு விற்பனை விலையில் 2.25 சதவீதம் கேட்டது. மைக்ரோசொப்டின் கணக்கில் அது ஆண்டுக்கு 4 பில்லியன் டொலருக்கு மேல். ஜேர்மனியிலும் வழக்குகள் நடந்தன. 2012 பெப்ரவரியில் அப்பிள் தன் ஐபோன் வகைகள் சிலவற்றை ஜேர்மன் இணையக் கடையிலிருந்து சில மணி நேரத்துக்கு எடுக்க வேண்டியிருந்தது. மைக்ரோசொப்ட் தன் ஐரோப்பிய விநியோக நிலையத்தையே ஜேர்மனியிலிருந்து நெதர்லாந்துக்கு மாற்றியது. இந்தக் கட்டத்தில் பார்த்தவர்களுக்கு, வாங்கிய ஆயுதம் கூராக இருக்கிறது என்றுதான் தோன்றியிருக்கும்.

அப்புறம் சியாட்டில் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2013 ஏப்ரலில் நீதிபதி ஜேம்ஸ் ரொபார்ட் இந்தக் காப்புரிமைகள் ஒவ்வொன்றும் அந்தத் தொழில்நுட்பத்தில் எவ்வளவு முக்கியம், எக்ஸ்பொக்ஸில் எவ்வளவு பாவிக்கப்படுகிறது என்று பக்கம் பக்கமாக ஆராய்ந்தார். வைஃபைக் காப்புரிமைகளுக்கு ஓர் எக்ஸ்பொக்ஸுக்கு 3.471 சதம், எச்.264 காப்புரிமைகளுக்கு ஒரு பிரதிக்கு 0.555 சதம் என்று நிர்ணயித்தார். எல்லாம் கூட்டினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.8 மில்லியன் டொலர். கேட்டது 4 பில்லியன், கிடைத்தது 1.8 மில்லியன்! இந்த இரண்டு எண்களையும் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பூச்சியங்களோடு எழுதியபோது வகுப்பு சிறிது நேரம் பேசாமல் இருந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் ஜூரிகள், மோட்டோரோலா தன் வாக்குறுதியை மீறியது என்று கண்டு, மைக்ரோசொப்டுக்கு 14.5 மில்லியன் டொலர் கொடுக்கச் சொன்னார்கள். 2015 இல் மேன்முறையீட்டிலும் அது நின்றது.

ஒழுங்குபடுத்தும் அதிகாரிகளும் அதே திசையில்தான் போனார்கள். 2013 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவோடு செய்த இணக்கத்தில், நியாய விலைக்கு அனுமதி பெறத் தயாராக இருப்பவருக்கு எதிராக இத்தகைய காப்புரிமைகளை வைத்து விற்பனைத் தடை கேட்பதில்லை என்று கூகுள் ஒப்புக்கொண்டது. 2014 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணைக்குழு, மோட்டோரோலா அப்பிளுக்கு எதிராக ஜேர்மனியில் தடை கேட்டது சந்தைப் பலத்தைத் தவறாகப் பயன்படுத்தியதுதான் என்று முடிவு செய்தது. அபராதம் விதிக்கவில்லை.

என் பார்வையில் இந்த நிகழ்வின் நடு முள் இங்கேதான் இருக்கிறது. 17,000 இல் மிகக் கனமானவை என்று வெளியில் தெரிந்தவை, பெரும்பாலும் ஒழுங்கை விட்ட காணிகள். அவற்றைக் கொண்டு வாடகை எடுக்கலாம், படலையைப் பூட்ட முடியாது. எதிர்வழக்குக்குத் தேவைப்பட்டதோ பூட்டக்கூடிய படலை. வாக்குறுதி எழுத்தில் இருந்தது, எவரும் ஒளித்துவைக்கவில்லை. ஆனால் நோர்டெல் ஏலத்தில் தோற்ற ஆறே வாரத்தில் பேசி முடித்த கொள்வனவு இது. அவ்வளவு குறுகிய காலத்தில் எண்ணலாம், ஒவ்வொன்றையும் நிறுக்க முடியாது.

கேடயம் யாரைக் காத்தது என்பதும் ஒரு கேள்வி. அது கூகுளின் கையில் இருந்தது. அன்ட்ரொயிட் கூட்டாளிகளில் பெரியதான சம்சுங் தன் சண்டையைத் தானே போட்டது. 2012 ஒகஸ்ட்டில் கலிபோர்னிய ஜூரிகள் அப்பிளுக்கு 1.05 பில்லியன் டொலர் கொடுக்கும்படி சம்சுங்குக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். தொகை பின்னர் குறைந்தது என்றாலும், மோட்டோரோலாவின் உறுதிகள் அந்த அடியைத் தடுக்கவில்லை.

கழித்தல் கணக்கு

இனித் தம்பியின் கேள்விக்கு வருவோம். கொள்வனவு 2012 மே 22 இல் நிறைவேறியது. கடைசியாக அனுமதி கொடுத்தது சீனா. அன்ட்ரொயிட்டை 5 ஆண்டுக்கு இலவசமாகவும் திறந்ததாகவும் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அதற்குப் பிறகு கூகுள் தன் கணக்கறிக்கையில் விலையை எப்படிப் பிரித்தது என்று பாருங்கள். மோட்டோரோலாவின் கையிலிருந்த காசு 2.9 பில்லியன். காப்புரிமைகளும் உருவாக்கிய தொழில்நுட்பமும் 5.5 பில்லியன். நன்மதிப்பு, அதாவது தனித்தனிச் சொத்துகளின் பெறுமதிக்கு மேலாகக் கொடுத்த தொகை, 2.6 பில்லியன். மீதி வாடிக்கையாளர் உறவுகளும் மற்றச் சொத்துகளும்.

ஆக, 12.5 இல் 2.9 கம்பனியோடு சேர்ந்தே திரும்பி வந்தது. தொலைக்காட்சியோடு இணைக்கும் கேபிள் பெட்டிகள் (செட்-டொப் பொக்ஸ்) செய்த பகுதியை அரிஸ் என்ற கம்பனிக்கு 2.35 பில்லியனுக்கு விற்றார்கள். அறிவிப்பு 2012 டிசம்பரில், கைமாறியது 2013 ஏப்ரலில். கைத்தொலைபேசிப் பகுதி லெனோவோவுக்கு 2.91 பில்லியன். மூன்றையும் கூட்டினால் 8.16. மிச்சம் 4.34 பில்லியன். இதன்மேல், கூகுள் நடத்திய காலத்தில் மோட்டோரோலா ஒரு பில்லியனைத் தாண்டிய தொழிற்பாட்டு நட்டத்தைக் காட்டியது, அதையும் ஏற்ற வேண்டும். லெனோவோ பணத்தில் 1.5 பில்லியன் 3 ஆண்டுக் கடன் பத்திரமாகத்தான் வந்தது, காசு பிந்திக் கிடைப்பதற்கான கழிவையும் நினைவில் வைக்க வேண்டும்.

லெனோவோவுக்குப் போன காப்புரிமைகள் ஏறத்தாழ 2,000 மட்டும். மிகப் பெரும்பாலானவை கூகுளிடமே நின்றன. விற்றது கடையையும் பெயரையும் ஊழியர்களையும், உறுதிப் பெட்டி விற்கப்படவில்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, 12.5 க்கு வாங்கி 2.91 க்கு விற்றது ஏன் என்பதைவிட, உறுதிப் பெட்டிக்கு 5 பில்லியனுக்கும் மேலே கொடுத்தது சரிதானா என்பதே.

வகுப்பில் இதற்கு ஒரே விடை வரவில்லை. நான் என் கருத்தைச் சொன்னேன். ஆயுதமாகப் பார்த்தால் விலை அதிகம். நீதிமன்றம் சதக் கணக்கில் நிறுத்துக் காட்டிவிட்டது. ஆனால் மோட்டோரோலா மற்ற அன்ட்ரொயிட் கம்பனிகள் மேல் பாயாமல் தடுத்தது பெரிய காரியம். மேசைக்கு வந்து பேசவும் அது உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். 2014 ஜனவரி இறுதியில் சம்சுங்கோடு 10 ஆண்டுக் காப்புரிமைப் பரிமாற்ற உடன்பாட்டைக் கூகுள் அறிவித்தது. சில நாட்களில், 29 ஆம் திகதி, லெனோவோ விற்பனை வெளியானது. கூட்டாளியோடு போட்டிக் கடை நடத்துவதை அது விட்டுவிட்டது. அதே ஆண்டு மே மாதம் அப்பிளும் கூகுளும் தமக்குள் இருந்த வழக்குகளைக் கைவிட்டன. 2015 செப்டெம்பர் 30 இல் மைக்ரோசொப்டோடு ஏறத்தாழ 20 வழக்குகள் முடிவுக்கு வந்தன. இவற்றில் எவ்வளவு பங்கு அந்த உறுதிப் பெட்டியால் வந்தது, எவ்வளவு எல்லோரும் வழக்காடிக் களைத்ததால் வந்தது என்று பிரிக்க ஒரு கணக்கேடும் கிடையாது.

கணக்கில் இன்னொரு வரி இருக்கிறது, அதை நான் தவறவிட மாட்டேன். 2012 ஒகஸ்ட்டில், வாங்கி 3 மாதத்துக்குள், மோட்டோரோலாவில் 4,000 பேரின் வேலை போனது. ஐந்தில் ஒருவர். அந்த உறுதிகளை எழுதிய ஆய்வுகூடங்களைத் தாங்கிய கம்பனி அது. எல்லாத் தொகையையும் பலகையில் எழுதி முடித்தபோது, "அந்த 4,000 பேர் எந்தப் பக்கத்தில வருவினம் சேர்?" என்று கிண்ணியாவிலிருந்து வரும் பிள்ளை ஒருவர் கேட்டார். பலகையின் இடது பக்கத்தில், கொடுத்த விலையின் கீழே, தொகை போடாமல் எழுதச் சொன்னேன்.

கடைத் தம்பிக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. "உறுதி மட்டும்தான் வேணுமெண்டால், உறுதியை மட்டும் வாங்கியிருக்கலாமே. ஏன் கடையையும் சேர்த்து வாங்கினவங்கள்?" என்றார். நல்ல கேள்வி. உறுதிகளைத் தனியாக விற்றால், அவற்றின் பாதுகாப்பு இல்லாமல் மோட்டோரோலா தொடர்ந்து கைத்தொலைபேசி செய்வது கடினம். கையில் எதிர்வழக்குக்கு ஒன்றுமில்லாத மோட்டோரோலாவை மைக்ரோசொப்டும் அப்பிளும் சும்மா விட்டிருக்காது. விற்பவர் முழுவதையும் எடு என்று நின்றதில் நியாயம் இருந்தது.

இதற்கு நேர்மாறாக நடந்த ஒரு வியாபாரமும் உண்டு. 2013 செப்டெம்பரில் மைக்ரோசொப்ட் நொக்கியாவின் கைத்தொலைபேசித் தொழிலை 5.44 பில்லியன் யூரோவுக்கு எடுப்பதாக அறிவித்தது. தொழிலுக்கு 3.79 பில்லியன், காப்புரிமைகளைப் பாவிக்கும் அனுமதிக்கு 1.65 பில்லியன். காப்புரிமைகளை நொக்கியா தன்னிடமே வைத்துக்கொண்டது. 2015 ஜூலையில் மைக்ரோசொப்ட் அந்தத் தொழில் தொடர்பாக ஏறத்தாழ 7.6 பில்லியன் டொலரை நட்டமாகப் பதிவழித்தது. அந்தத் தொகைகளையும் மோட்டோரோலாவின் தொகைகளையும் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வரும் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.